நண்டுக்கூடுகளை வென்ற நாசகாரி

என் பெயர் ஜாகோ ட்ரெவின். பத்து வருடம் ‘டன்லின்’ என்ற நாசகாரிக் கப்பலில் டார்பிடோ, அதாவது தண்ணீருக்கடியில் பாயும் குண்டு, விடும் வேலை பார்த்தேன். எலும்பும் தோலுமான உடம்பு. சின்ன அலைக்கே தள்ளாடும். கப்பலைச் சொல்கிறேன். என்னைச் சொன்னாலும் தப்பில்லை. அதற்குப் புகைபோக்கி நாலு, எனக்கு வாயில் ஒன்று.

1912 கோடையில் எங்கள் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையோரம் பயிற்சி. வெடிமருந்து இல்லாத டார்பிடோவை ஒரு மிதவையைக் குறிவைத்து விட வேண்டும். விட்டேன். கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனது. பிறகு என்ன நினைத்ததோ, திரும்பிக் கரையைப் பார்த்து ஓடியது.

“அடப்பாவி, சொந்த நாட்டு மேலயே போர் தொடுத்துட்டியே!” என்றார் எங்கள் குழுத் தலைவர் ஹாக்கின்.

மீட்டு வரப் படகில் என்னையே அனுப்பினார்கள். மணலில் ஒதுங்கிக் கிடந்தது. வழியில் நண்டு பிடிக்கக் கடலில் இறக்கியிருந்த பின்னல் கூடுகளை எல்லாம் கயிற்றோடு வாரிக்கொண்டு வந்திருந்தது. அதன்மேல் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். லவ்டே பாஸ்கோ, தனிப் படகில் நண்டு பிடிப்பவள்.

“இது அரசாங்கச் சொத்தும்மா. கொஞ்சம் எறங்குங்க.”

“என் கூடு யாரு சொத்து? உங்கப்பன் வீட்டுச் சொத்தா?”

“பயிற்சியில ஒரு சின்னத் தப்பு...”

“அம்மாம் பெரிய கப்பல்ல வந்து நண்டு மேலயா குறி வைக்கிறது? நீயே வந்து கூடு முடைஞ்சு குடுக்கிறேன்னு சொல்லு, எறங்கறேன்.”

சத்தியம் செய்த பிறகே இறங்கினாள். விடுப்பு கிடைத்தபோதெல்லாம் போய் முடைந்தேன். என் முதல் கூட்டுக்குள் போன நண்டுகள் இரையைத் தின்றுவிட்டுச் சாவகாசமாக வெளியேறிவிட்டன.

“கூடா இது? நண்டுக்குச் சத்திரம் கட்டியிருக்கே!” என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

கை பழகியதும் எனக்குப் பயம் வந்தது. கூடுகள் முடிந்துவிட்டால் இங்கே வருவதற்கு என்ன சாக்கு? வேண்டுமென்றே கோணலாக முடைந்தேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

“இன்னும் எத்தனையக் கெடுக்கப் போறே? கேக்க வேண்டியதைக் கேட்டுத் தொலையேன்,” என்றாள் ஒருநாள்.

திக்கித் திணறிக் கேட்டேன். அடுத்த வசந்தத்தில் கல்யாணம்.

பிறகு போர் வந்தது. சரக்குக் கப்பல்களுக்குக் காவலாக டன்லின் ஓயாமல் ஓடியது. எதிரி நீர்மூழ்கி என்று நான் தொண்டை கிழியக் கத்தியது ஒரு திமிங்கிலத்தைப் பார்த்து. சாகும்வரை ஹாக்கின் அதை மறக்கவில்லை.

1920இல் டன்லினை உடைக்க விற்றார்கள். பீரங்கிகளைக் கழற்றிவிட்டு, மொட்டையாக அதை இழுத்துப் போனதைக் குன்றின் மேல் நின்று பார்த்தோம்.

“காத்துல கண்ணு எரியுது,” என்றேன்.

“காத்தே இல்லையே,” என்றாள் லவ்டே. கப்பல் நிலமுனையைச் சுற்றித் திரும்பி மறையும் வரை என் கையை அவள் விடவில்லை.