எதிர் வீட்டு வாசலில் எடுத்த படம்

மாமா கேமரா வாங்கிய வருஷம் எங்கள் வீட்டில் யாராலும் நிம்மதியாக நிற்கவோ உட்காரவோ முடியவில்லை. மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்க அறையில் எங்களோடுதான் இருந்தார். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய சிநேகிதர் ஒருவரிடம் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கி வந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினார். கற்பூரம் காட்டிய பொருளைச் சின்னப் பிள்ளைகள் தொடக் கூடாது என்று ஒரு சட்டமும் போட்டார். அந்த வீட்டில் சின்னப் பிள்ளை என்று இருந்தது பதினொரு வயதான நான் ஒருத்திதான்.

கேமரா வந்துவிட்டது, படம் எடுக்கத்தான் வரவில்லை. ஆரம்பத்தில் மாமா எடுத்த படங்களில் எல்லோரும் பேய் பிடித்தவர்கள் மாதிரி கலங்கிப்போய் இருந்தோம். அம்மாவைத் துணி காயப்போடும் இடத்தில் நிறுத்தி எடுத்ததில் அவள் தலைக்கு மேலே ஒரு மின்கம்பம் முளைத்திருந்தது. சரி, விட்டுவிடுவார் என்று பார்த்தால், மனிதர் நெட் சென்டரில் போய் உட்கார்ந்து, புதிதாகப் படம் எடுக்கிறவர்களுக்கு என்னென்ன சொல்லியிருக்கிறார்களோ அத்தனையும் படித்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் உண்மையான தொந்தரவு தொடங்கியது.

பட்டனை அழுத்தும்போது மூச்சு விடக் கூடாது என்பது முதல் விதி. எடுக்கிறவர் மூச்சை அடக்கினால் போதும், மாமா எங்களையும் அடக்கச் சொன்னார். ஆளை நடுவில் நிறுத்தக் கூடாது, ஓரமாக நிறுத்த வேண்டும் என்பது அடுத்தது. அதனால் அந்த மாசப் படங்களில் எல்லாம் அம்மா ஏதோ தப்புப் பண்ணி வெளியே நிறுத்தப்பட்டவள் மாதிரி ஒரு மூலையில் நிற்பாள், நடுவில் தண்ணீர்த் தொட்டி கம்பீரமாக இருக்கும். கண்ணைப் பார்த்து ஃபோகஸ் பண்ணு, கண் தெளிவாக இருந்தால் படம் தெளிவு என்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலே வெளிச்சம். நேர் வெயில் முகத்தில் விழுந்தால் கண் சுருங்கும், மூக்குக்குக் கீழே கறுப்பாக நிழல் விழும், ஆகவே நிழலில் நிறுத்து. மாமா தெருவில் நடக்கும்போதுகூட, சூரியன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் நடந்தார். தேங்காய் உரிக்கிறவரை நிறுத்தி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி உரிங்க, வெளிச்சம் நல்லாயிருக்கு என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அந்த வருஷம்தான் அப்பாவும் சுரங்க வேலையிலிருந்து ரிட்டயர் ஆனார். நான் ரொம்பத் தாமதமாகப் பிறந்தவள். அக்காவுக்கும் எனக்கும் பதினான்கு வயது வித்தியாசம். பள்ளிக்கூடத்தில் அப்பாவை என் தாத்தா என்று நினைத்தவர்கள் நிறைய. ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணியாக வேண்டும். வடலூர்ப் பக்கம் மனை வாங்கி ஒரு வீடு கட்டி வைத்திருந்தோம். அதைப் பற்றி அப்பாவுக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தக் குவார்ட்டர்ஸில் குடியேறிய நாளிலிருந்து அவர் சொல்லி வந்தது ஒரே வாக்கியம்தான்.

"இது கம்பெனி வூடு. நாம வந்துட்டுப் போறவங்க."

சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார். எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் கதவுக்குப் பின்னால் அடித்துவிட்டுப் போன ஒரே ஓர் ஆணியில்தான் எங்கள் காலண்டர் தொங்கியது. தேதி பார்க்க வேண்டுமானால் கதவைச் சாத்த வேண்டும். காடாம்புலியூரில் தன் பிறந்த வீட்டிலிருந்து அம்மா கொண்டு வந்து பின்பக்கம் போட்ட பலாக்கொட்டை மரமாகிக் காய்த்தபோதும் அப்பா, "மரமும் கம்பெனிக்குத்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் சுளையை வாயில் போட்டுக்கொண்டார்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. இந்த வீட்டு வாசலில் எல்லோரும் நின்று ஒரு படம். அக்கா பிறந்தது, நடந்தது, சடங்கானது, நான் பிறந்தது எல்லாம் அந்த வீட்டில்தான். ஆனால் அந்த வீடு எந்தப் படத்திலும் இல்லை. கல்யாணப் படம் மண்டபத்தில் எடுத்தது, மற்றதெல்லாம் ஸ்டூடியோவில். போன பிறகு நினைத்துப் பார்க்க ஒன்று வேண்டாமா என்று அம்மா கேட்டாள். மாமா முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. அவரிடம் முதல் முதலாக ஒருவர் தானாக வந்து படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

அக்காவும் அத்தானும் ஓசூரிலிருந்து வந்திருந்தார்கள், மதியமே ஊர் திரும்ப வேண்டும். மாமாவுக்கு அன்று செகண்ட் ஷிப்ட். ஆகக் காலையில்தான் எடுத்தாக வேண்டும். எங்கள் வாசல் கிழக்கே பார்த்தது. பட்டுப்புடவையும் சட்டையுமாக வரிசையாக நின்றோம். வெயில் நேராக மூஞ்சியில் அடித்தது. மாமா கேமராவைக் கண்ணில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார், தலையை ஆட்டினார்.

"இங்க வேணாங்க்கா. எல்லாரும் கண்ண இடுக்கிக்கினு நிக்கிறீங்க. எதுத்தாப்புல பாரு, நெழலு எவ்ளோ அழகா கீது."

எதிர் வரிசை வீடு மேற்கே பார்த்தது. அங்கே இருந்தவர்கள் போன மாசமே காலி பண்ணிவிட்டார்கள். அதே டைப், அதே மஞ்சள் சுண்ணாம்பு, அதே பச்சை ஜன்னல். எங்கள் வாசலில் மூன்று படி, அங்கேயும் மூன்று படி. அம்மா நகரவில்லை. அது வேற யாரோ வூடுடா என்றாள். தீர்ப்புச் சொன்னது அப்பாதான்.

"எல்லாம் ஒரே டைப்பு தான. எந்த வூடா இருந்தா இன்னா? வெயில்ல நிக்க வைக்காத, வா."

போனோம், நின்றோம், மூச்சை அடக்கினோம். உண்மையைச் சொல்ல வேண்டும், அன்று மாமா எடுத்ததைப் போல ஒரு படத்தை அவர் அதற்கு முன்பு எடுத்ததே இல்லை. எல்லோர் கண்ணும் தெளிவு. அத்தான்கூட லட்சணமாக இருந்தார். வடலூரில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடி மாட்டிக் கொண்டு வந்து அம்மா கையில் கொடுத்துவிட்டு, மாமா பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

அம்மா எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் பார்த்தாள். அப்பாவின் தோளுக்கும் அக்காவின் தலைக்கும் நடுவே, கதவில் ஒரு பெரிய பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"பூட்டின வூட்டு முன்னாடி குடும்பமே நின்னுக்கினு இருக்கோம்" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. படத்தைத் திருப்பி வைத்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

எங்கள் கண்களை அத்தனை கவனமாகப் பார்த்த மாமா, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. பாவம், அன்று சாப்பிடாமலே ஷிப்டுக்குப் போனார். அப்பா, சரி விடு, ஒரு பூட்டுதானே என்றார். மறுபடி எடுக்கலாம் என்று யாரும் சொல்லவுமில்லை. அக்கா ஊருக்குப் போயிருந்தாள், சாமான் கட்டுகிற வேலை தலைக்கு மேல் இருந்தது.

காலி பண்ணும் நாளும் வந்தது. லாரியில் எல்லாம் ஏற்றி முடிக்கச் சாயங்காலம் நாலு மணி ஆகிவிட்டது. அம்மா வீட்டைக் கழுவித் துடைத்து, வாசலில் கடைசியாக ஒரு கோலம் போட்டாள். போகிற வீட்டுக்கு எதற்குக் கோலம் என்று யாரோ கேட்டார்கள், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பா கதவைப் பூட்டினார். சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். இரண்டு படி இறங்கியவர் அப்படியே நின்றார். பிறகு திரும்பிப் போய்ப் பூட்டைத் திறந்து, இரண்டு கதவையும் சுவரோடு சேரத் தள்ளி வைத்தார்.

"மச்சான், அந்த கேமராவ எடு. வூடு தெரியற மாதிரி ஒன்னு எடுத்துடு."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுக்குப் புடவையோடு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே போய் அவர் பக்கத்தில் நின்றாள். மாமா இந்தத் தடவை எந்த விதியையும் சொல்லவில்லை. ஓரமாக நிற்கவும் சொல்லவில்லை, மூச்சை அடக்கவும் சொல்லவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம்வரை பின்வாங்கிப் போய், வீடு முழுசாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தார்.

அப்போதுதான் அப்பா கண்ணைத் துடைத்தார். ஒரு தடவை துடைத்தார், மறுபடி துடைத்தார், பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். என்னப்பா என்று நான் கேட்டேன்.

"ஒன்னுமில்ல பாப்பா. வெயிலு கண்ணுல அடிக்குது."

ஊரில் இருக்கிற எல்லோருக்கும் வெளிச்சத்தைப் பற்றிப் பாடம் நடத்திய மாமா, தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து, "ஆமா மாமா, எதிர் வெயிலு" என்றார். சொல்லிவிட்டுக் கேமராவால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

வெயில் அப்போது வீட்டுக்குப் பின்னால், பலாமரத்துக்கும் அப்பால் போய்விட்டிருந்தது. கிழக்கே பார்த்த அந்த வாசலில் பொட்டு வெயில்கூட இல்லை. அதையெல்லாம் நான் எங்கே பார்த்தேன். லாரிக்கு ஓடினேன், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் செருகியிருந்த குடையை உருவிக்கொண்டு வந்தேன், எம்பி எம்பி அப்பாவின் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தேன். அம்மா ஏனோ வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா எடுத்துவிட்டார்.

அந்தப் படம்தான் இப்போது வடலூர் வீட்டின் கூடத்தில் மாட்டியிருக்கிறது, அப்பாவே அடித்த ஆணியில். திறந்த கதவு, கோலம், நடுவில் குடை. வருகிறவர்கள் எல்லோரும், அன்னைக்கு மழையா என்று கேட்கிறார்கள். அன்று குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கோ வேறு ஒரு கவலை. திறந்தவெளிச் சுரங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உச்சி வெயிலில் நின்ற மனிதர் இவர். ரிட்டயர் ஆனதும் சாயங்கால வெயில்கூடத் தாங்காமல் போய்விடும் போலிருக்கிறது என்று நினைத்து, குடையை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தேன்.