தாராளமாக விட்ட தையல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். நாத்தனார் படித்துவிடுவாரோ என்ற பயம்தான். முருகன் தைரியம் கொடுத்ததால் எழுதுகிறேன்.

பேரனைத் தொட்டிலில் போடும் நாளுக்காக, தி.நகரில் வாங்கிய துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாக இணைத்து ஒட்டுப்போர்வை தைக்க ஆரம்பித்தேன். பாதித் துணியைத் தைத்துத் தருகிறேன் என்று அடையாறு நாத்தனார் தானாகவே கேட்டு வாங்கிப் போனார். தையலுக்கு உள்ளே கால் அங்குலம்தான் விட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

தொட்டிலில் போடுவதற்கு முந்தின நாள் கொண்டுவந்தார். அவர் கட்டங்கள் எல்லாம் என்னுடையதைவிடச் சிறியவை, ஒன்றும் சேரவில்லை. திருப்பிப் பார்த்தால் உள்ளே முக்கால் அங்குலம்.

"ஜாக்கெட்டுக்கு விடற மாதிரி தாராளமா விட்டிருக்கேன் அண்ணி. புள்ள வளந்தா பிரிச்சு விட்டுக்கலாம்ல?"

இப்படியொரு முன்யோசனை எனக்கு ஏழு ஜென்மத்திலும் வராது. பிரிக்க நேரமில்லை. விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, என் கட்டங்களையும் அவர் அளவுக்கே பிடித்துத் தைத்தேன். மறுநாள் பேரனின் பாதங்கள் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"பாத்தீங்களா அண்ணி, இப்பவே பிரிக்க வேண்டி வந்துடுச்சு" என்றார் நாத்தனார், பெருமையாக.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். தாராள மனதோடு கால் அங்குலத்தை முக்கால் ஆக்கிவிடாதீர்கள்.