சாலமன் அண்ணன் தலையில் விழுந்த என் கையெழுத்து

சாலமன் அண்ணன் போய்விட்டார் என்று அவர் மகள் மெர்சி போனில் சொன்னபோது, நான் எளாவூரில் லாரி ஓட்டுநர்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை, நிம்மதி. என்னைத் தவிர விஷயம் தெரிந்த ஒரே ஆளும் இனி இல்லை என்ற நிம்மதி. அடுத்த நொடியே கூசிப்போனேன். இதை எழுதுவது அதனால்தான்.

கும்மிடிப்பூண்டியில் நம் தொழிற்சங்கக் கட்டடம் எழும்பிய கதை, தோழர்களே, உங்களுக்குத் தெரியும். லீவு நாளில் வந்து நாமே மண் சுமந்தோம். ஜன்னல் கம்பி முழுக்க உருக்காலை வெல்டரான அண்ணன் பற்றவைத்தது. அது புறம்போக்கு, காலி செய்யுங்கள் என்று தாலுகா ஆபீசிலிருந்து நோட்டீஸ் மேல் நோட்டீஸ் வந்த காலத்தில், தலைவராக இருந்த அவர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். ஷிப்ட் முடிந்தவர்களில் ஒருவர், அடுத்த ஷிப்ட் ஆள் வரும்வரை உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். சாவி வெளி ஆள் கைக்குப் போகவே கூடாது. "ஆளு குந்திக்கினு கீற எடத்துல கை வைக்க அவனுக்கே யோசனையா இருக்கும்" என்பார்.

வெள்ளம் வந்த வருடம், நிவாரண அரிசி மூட்டைகள் வைக்க ஒரு வாரம் ஹால் வேண்டும் என்று அதே ஆபீஸ் அதிகாரிகள் கேட்டார்கள். தாராளமாக வைக்கட்டும், ஆனால் நாமே திறப்போம், நாமே பூட்டுவோம் என்றார் அண்ணன். செயலாளரான நான் அதைச் சொல்லத்தான் போனேன். அதிகாரி நாற்காலி போட்டு, சார் சார் என்று டீ வரவழைத்தார். மனுவோடு எத்தனையோ முறை அந்த வாசலில் கால் கடுக்க நின்றவன் நான். ஒரு நாற்காலியில் உச்சி குளிர்ந்துவிட்டது. சாவியைக் கொடுத்தேன். கட்டடத்தை ஒப்படைக்கிறோம் என்று அவர்களே தயாராக வைத்திருந்த கடிதத்தில், சரியாகப் படிக்காமல் கையெழுத்தும் போட்டேன். மூட்டைகள் போன மறுநாள் புதுப் பூட்டும் சீலும் விழுந்தன. கேட்டால், சங்கமே எழுதிக் கொடுத்துவிட்டதே என்றார்கள்.

அன்று சாயங்காலம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"செயலாளருன்னு கேசு உன் பேருல போடப் போறோம். நீயா குடுத்தன்னு தெரிஞ்சா ஆளுங்க ரெண்டா பிரிஞ்சிப் பூடுவாங்க, கேசும் நிக்காது. நான் குடுக்கச் சொன்னேன்னு சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத."

நான் திறக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொல்லை அப்படியே கேட்டேன்.

பொதுக்குழுவில் அண்ணன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டதும் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். விலை போய்விட்டார் என்றுகூட ஒருவர் கத்தினார். அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கக் கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன். தூக்காவிட்டால் சந்தேகம் வரும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகும் தினமும் காலையில், சீல் வைத்த கட்டடத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு பி.எஃப். படிவம் நிரப்பிக் கொடுத்தார். "ஊடுதான் போச்சி, சங்கம் பூடல" என்று சிரிப்பார். என்னைக் கண்டால், நாஷ்டா ஆச்சாப்பா என்று கேட்பார். அதைக் கேட்கப் பயந்து நான் வேறு வழியாகப் போகத் தொடங்கினேன்.

தோழர்களே, கையெழுத்து என்னுடையது. அண்ணன் வேண்டாம் என்றுதான் சொன்னார். சங்கம் முடிவு எடுக்கவில்லை, நான் தனியாகக் கொடுத்தேன் என்று வழக்கின் அடுத்த விசாரணையில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். அதனால் கட்டடம் திரும்புமா என்று வக்கீலுக்கே தெரியவில்லை. என்னை வைப்பதும் நீக்குவதும் உங்கள் விருப்பம்.

மெர்சியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். "இத எங்கப்பா காதுல வுழற மாதிரி சொல்லியிருக்கலாமே அங்கிள்" என்றாள்.

அண்ணனுக்குச் சேர வேண்டிய நல்ல பெயரை இத்தனை நாள் நான் வைத்திருந்தேன். வாங்கிக்கொள்ள அவர் இல்லாதபோது அதைத் திருப்பித் தருகிறேன்.