வியாழக்கிழமைக் கல்லூரிகள்

எங்கள் லீக்கில் ஓர் ஆட்டம் அறுபது நிமிடம்தான். காரணம் சாப்பாடு. இத்தாலியின் பலேர்மோவில் எங்களை வேலைக்கு வைத்திருக்கும் சிஞ்ஞோராக்கள் இரவு எட்டு மணிக்கு மேசையில் உட்காருவார்கள். ஏழு மணிக்கு அடுப்படியில் நிற்காத முன்கள வீரனுக்கு அடுத்த வாரம் ஓய்வு கிடைப்பது சந்தேகம். வீட்டு வேலை செய்பவர்களுக்கு அந்த நாட்டில் வியாழக்கிழமை மத்தியானமும் ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வு. ஞாயிறு பூசைக்கும் பிறந்தநாள் விழாக்களுக்கும் போய்விடும். ஆகவே யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் நூற்றாண்டுப் பெருமை முழுவதும் வியாழக்கிழமை மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில், பகேரியாவுக்குப் போகும் ரயில் பாதையை ஒட்டிய ஒரு மண் மைதானத்தில் காப்பாற்றப்பட்டு வந்தது. மைதானம் ஒரு பங்குக் கோயிலுக்குச் சொந்தம். புல் என்று ஒன்று அங்கே முளைத்ததை நான் காணவில்லை.

எங்கள் ஊரில் பாலர் வகுப்பு வைத்திருக்கும் பள்ளிக்கூடமும் கல்லூரிதான். அந்தக் கல்லூரிகளில் படித்துவிட்டு, தொண்ணூறுகளில் பலேர்மோவில் மாடிப்படி கழுவிக்கொண்டும் கிழவர்களைக் குளிப்பாட்டிக்கொண்டும் இருந்த பழைய மாணவர்கள் கல்லூரிவாரியாக அணி சேர்த்து உதைபந்தாடினார்கள். அதற்கு ஒரு கூட்டமைப்பு. அதன் பெயர் ஒரு வரிக்குள் அடங்காது, எழுதினால் தபாலுறையில் முகவரிக்கு இடமிருக்காது. நான் அதன் செயலாளர். ஊரில் கல்விக் கந்தோரில் பிரதம லிகிதராக இருந்தவனுக்கு வேறு எந்தப் பதவியைக் கொடுப்பார்கள்? பகலில் ஓய்வுபெற்ற ஒரு எஞ்சினியருக்கு மருந்து எடுத்துக் கொடுத்து, அவருடைய சட்டைகளை ஸ்திரிக்கை போட்டு அழுத்தினேன். மிச்ச நேரத்தில் கூட்டமைப்பின் விதிகளான யாப்பை எழுதினேன்.

தலைவர் ஊரில் பௌதிகம் படிப்பித்தவர். பலேர்மோவில் ஒரு வழக்கறிஞர் வீட்டில் சமையல். எல்லாரும் அவரை மாஸ்டர் என்போம். மாஸ்டரின் தலைமையில் கூட்டமைப்பு வளர்ந்தது. முதல் வருடம் நான்கு கல்லூரிகள், நான்காம் வருடம் பதினொன்று. ஆண்டறிக்கையில் ‘அபரிமித வளர்ச்சி’ என்று எழுதச் சொன்னார், எழுதினேன். உண்மையில் ஆட்கள் கூடவில்லை. கல்லூரிகள்தான் கூடின. ஒரு கல்லூரிக்காரர் யார் கப்டன் என்று அடிபட்டார்கள். ஒரு பகுதி கோபித்துக்கொண்டு போய், தங்கள் ஊர்ப் பக்கத்து மகா வித்தியாலயத்தின் பெயரில் புது அணி அமைத்தது. இன்னொன்றில் ஆண்டு மலரில் யாருடைய படம் முதலில் வருவது என்று சண்டை, அதிலிருந்தும் ஓர் அணி. அமீபாவும் அப்படித்தான் வளர்கிறது. அதற்கு ஆண்டறிக்கை மட்டும் இல்லை.

மூன்றாம் வருடம் ஒரே கல்லூரியின் பெயரில் இரண்டு அணிகள் மைதானத்துக்கு வந்துவிட்டன. ஒரே நிறச் சேட்டு, ஒரே சின்னம். இரண்டும் தாங்கள்தான் அசல் என்றன. நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அன்று பிறந்ததுதான் பிரிவு ஏழு. ஒவ்வொரு அங்கத்துவக் கல்லூரியும் ஆண்டுதோறும் தன் அதிபரிடமிருந்து, கல்லூரியின் கடிதத்தலைப்பில், கையொப்பமும் முத்திரையும் இட்ட அங்கீகாரக் கடிதம் ஒன்றைச் சமர்ப்பித்தல் வேண்டும். தவறின் அங்கத்துவம் தானாகவே இழக்கப்படும். அந்தத் ‘தானாகவே’ என்ற சொல்லை வைத்ததில் எனக்குப் பெருமை இருந்தது. யாரும் யாரையும் வெளியேற்ற வேண்டியதில்லை, விதி பார்த்துக்கொள்ளும். சண்டை நின்றது. எல்லாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

நாங்கள் எல்லாரும் பொலிஸ் தலைமைக் கந்தோரான குவெஸ்தூராவின் கண்ணாடிக்கு முன்னால் விடியலிலிருந்து வரிசையில் நின்று, ஒரு முத்திரைத்தலை குறைந்ததற்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி இல்லாமல் தெருவில் நடக்கும்போது முதுகு எப்படிக் கூசும் என்று தெரிந்தவர்கள். எங்களுக்கென்று ஒரு நிர்வாகம் கிடைத்ததும் நாங்கள் முதலில் கட்டியது அதே கண்ணாடியைத்தான்.

அந்த நான்காம் வருடத்துப் பதினொரு கல்லூரிகளில் ஒன்று கடற்கரைப் பள்ளிக்கூடம். யாழ்ப்பாணத்தின் வடக்குக் கரையில் இருந்தது. ஊர்ச்சனம் ஒரே நாளில் எழும்பி ஓடிய பிறகு அந்த இடம் முழுவதும் இராணுவ முகாம். அணியின் கப்டன் பலேர்மோவின் சீசாப் பகுதியில் ஏழு கட்டடங்களின் மாடிப்படிகளைக் கழுவுகிறவன். முப்பது வயது இருக்கும். கோல் கீப்பர். அவன் அளவுக்கு ஒரு கீப்பர் எங்கள் லீக்கில் இருக்கவில்லை என்பதை எதிரிகளும் ஒத்துக்கொள்வார்கள், வேறு பாஷையில்.

“டேய், படி கழுவுற மாப்பைக் கீழ போட்டிட்டுப் பிடியடா.”

“மாப்போடதான்ரா உன்ர பந்தைத் தடுப்பன். கையெல்லாம் தேவையில்லை.”

அந்த அணியில் மொத்தம் பதின்மூன்று பேர். பிரிந்து உருவாகாத, பிறகும் பிரியாத அணி அது ஒன்றுதான். ஒரு வருடமும் கிண்ணம் வெல்லவில்லை. ஆட்டம் முடிந்ததும் மற்றவர்கள் ரயிலுக்கு ஓடும்போது, இவர்கள் மட்டும் ஐந்து நிமிடம் கோல் கம்பத்தடியில் நின்று பள்ளிக்கூட கீதம் பாடிவிட்டு ஓடுவார்கள். கேட்கச் சகிக்காது.

பிரிவு ஏழு அடுத்த வருடம் நடைமுறைக்கு வந்ததும் மற்றப் பத்துக் கல்லூரிகளும் எப்படியோ கடிதம் எடுத்தன. பெரிய கல்லூரிகளுக்குக் கொழும்பில் கிளை, இலண்டனில் கிளை. மாஸ்டரின் கல்லூரி எல்லாவற்றிலும் பெரியது. அவரிடம் அதிபர் கையொப்பமிட்டு முத்திரை குத்திய வெற்றுக் கடிதத்தலைப்புகளே ஒரு கட்டு இருந்தன. தேவைக்கு நிரப்பிக்கொள்ளலாம். கடற்கரைப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று மாதத் தவணை கொடுத்தேன். விதியில் தவணைக்கு இடமில்லை. ஆகவே அது என் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

கப்டன் கடிதங்கள் எழுதினான். வடக்குக்குத் தபால் போவதே அந்த நாட்களில் அதிர்ஷ்டம். ஒரு வியாழன் மைதானத்தில் என் மேசைக்கு வந்தான்.

“அண்ணை, அதிபரை ஆரும் காணேல்லையாம். எங்கையோ அகதி முகாமில இருக்கிறார் எண்டு ஒரு கதை. இன்னும் கொஞ்சம் பொறுக்க ஏலாதோ?”

“பொறுக்கத்தானே தம்பி செய்யிறன்.”

“அண்ணை, ஒண்டு சொல்லட்டே. எங்கட பள்ளிக்கூடம் இப்ப ஆமிக் காம்ப். ஊரும் இல்லை, கோயிலும் இல்லை. உலகத்திலயே அந்தப் பள்ளிக்கூடம் இப்ப இஞ்சை மட்டும்தான் இருக்கு. அதுவும் வியாழக்கிழமையில மட்டும்.”

அவன் இதைச் சோகமாகச் சொல்லவில்லை. எத்தனை மணிக்கு ரயில் என்று சொல்வதுபோலத்தான் சொன்னான். நான் தவணை முடியும் திகதியை இன்னொரு முறை ஞாபகப்படுத்தினேன்.

தவணை முடிய நான்கு நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. கலியாணத்துக்காக வந்து இறங்கிய ஒரு மணப்பெண்ணின் கைப்பைக்குள் மடித்து வந்தது. கப்டன் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்து, எஞ்சினியர் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தந்தான். கொப்பியில் கிழித்த ஒற்றைத் தாள். நீல மை. நினைவிலிருந்து எழுதுகிறேன், ஆனால் அதிகம் பிசகாது.

‘பாடசாலை தற்சமயம் இயங்கவில்லை என்பதை வருத்தத்துடன் அறியத் தருகிறேன். பதிவேடுகள், தளபாடங்கள், இறப்பர் முத்திரை யாவும் அலுவலகத்திலேயே விடப்பட்டன. கீழே பெயர் குறித்த பதின்மூவரும் என்னிடம் கற்றவர்கள். இவர்களில் மூவர் கணிதத்தில் பலவீனமானவர்கள். எல்லாரும் நல்ல பிள்ளைகள். இவர்கள் எமது பாடசாலையின் பெயரில் விளையாடுவதற்கு எனது பூரண சம்மதம் உண்டு.’

அடியில் கையொப்பம்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுத வேண்டும். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். பதினொரு வருடம் கல்விக் கந்தோரில் அந்தப் பள்ளிக்கூடத்தின் கடிதக் கோவை என் மேசையில்தான் இருந்தது. கூரை திருத்த வேண்டும், மேசை கதிரை வேண்டும், விஞ்ஞான ஆசிரியர் வேண்டும் என்று அந்த மனிதர் மாதம் ஒரு கடிதம் எழுதுவார். ‘ற’வின் வாலை அடுத்த வரி வரைக்கும் இழுக்கும் பழக்கம் அவருக்கு. எத்தனையோ கடிதங்களை ‘கவனத்தில் எடுக்கப்பட்டது’ என்று எழுதிக் கோவையில் போட்டவன் நான். இந்தத் தாளிலும் வால் அப்படியே இருந்தது. எழுத்து மட்டும் கொஞ்சம் கோணியிருந்தது. இது அசல் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே மனிதன் பலேர்மோவில் நான்தான். முத்திரை எதற்கு? ஒரு கையெழுத்து யாருடையது என்று தெரியாதபோது தேவைப்படுவது. எனக்குத் தெரிந்திருந்தது.

சொல்லவில்லை. சொன்னால் செயலாளரின் தனிப்பட்ட அறிவு ஆவணத்துக்கு ஈடாகிவிடும், நாளைக்கு ஒவ்வொருவனும் தனக்குத் தெரிந்ததைக் கொண்டுவருவான் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். கந்தோர்ப் புத்தி.

கூட்டத்துக்கு முன்னால் மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

“கடிதத்தலைப்பு இல்லை, முத்திரை இல்லை. இயங்கேல்லை எண்டு அவரே எழுதியும் இருக்கிறார், மாஸ்டர்.”

“பாவம், நேர்மையான மனுசன்.”

“என்ன செய்வம்?”

“நீர்தானே விதி எழுதினீர். நான் அதில கை வைக்க மாட்டன். செயலாளர் சுதந்திரமா இயங்க வேணும். அதுதான் இந்த அமைப்பின்ர பலம்.”

அப்போது அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

கூட்டம் ஞாயிறு பின்னேரம், சீசாவில் பங்குக் கோயிலின் ஞானோபதேச வகுப்பறையில். குழந்தைகளின் கதிரைகளில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்திருந்தோம். கடிதத்தை வாசித்தேன். கணிதத்தில் பலவீனம் என்ற இடத்தில் சிரித்தார்கள். கப்டனும் சிரித்தான். அவன் ஒருவன்தான் உட்காராமல் நின்றான்.

“பிரிவு ஏழின்படி இது செல்லாது” என்றேன்.

“அண்ணை, முத்திரை ஆமிக்காரன்ர மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. நான் போய்க் கேக்கட்டே?”

மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

“குவெஸ்தூராவிலயும் இப்பிடித்தான் சொல்லுறவங்கள். பரவாயில்லை, அவங்களுக்கு எங்களை ஆரெண்டு தெரியாது” என்றான் கப்டன்.

இதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கூட்ட அறிக்கையில் இல்லை. அறிக்கையை எழுதியவன் நான். ‘அங்கத்துவம் தானாகவே இழக்கப்பட்டது’ என்ற வரி மட்டும் இருக்கிறது. வெற்றிடத்துக்கு அதே கூட்டத்தில் மாஸ்டரின் கல்லூரியிலிருந்து பிரிந்த ஒரு குழு இன்னொரு வித்தியாலயத்தின் பெயரில் விண்ணப்பித்தது. தலைப்பும் முத்திரையும் சரி. ஏற்கப்பட்டது. கல்லூரிகள் பதினொன்றாகவே இருந்தன. வளர்ச்சிக்குப் பங்கம் வரவில்லை.

பதின்மூன்று பேரில் பலர் பிறகு வியாழக்கிழமைகளில் வருவதை விட்டார்கள். இரண்டு பேர் துறைமுகத்தில் கப்பலேறி வடக்கே ஜெனோவா பக்கம் வேலைக்குப் போனார்கள். கப்டன் ஐந்து வாரம் மைதானத்தில் தலை காட்டவில்லை. ஆறாவது வாரம் மாஸ்டரோடு வந்தான். மாஸ்டர் ஒரு கையை அவன் தோளில் போட்டிருந்தார். மற்றக் கையில் ஒரு தாள்.

“செக்ரட்டரி, எங்கட அணிக்குப் புது ஆள். பதிஞ்சு விடும்.”

பெரிய கல்லூரியின் கடிதத்தலைப்பு. தடித்த தாள், மேலே இலத்தீன் வாசகம். இன்னார் எமது கல்லூரியில் ஆறாம் வகுப்பிலிருந்து கற்று வெளியேறியவர் என்று தட்டச்சில். அதிபரின் கையொப்பம், வட்ட முத்திரை. அதன் கீழே, நான் இக்கல்லூரியின் பழைய மாணவன் என உறுதிப்படுத்துகிறேன் என்று எழுதியிருந்த இடத்தில் கப்டன் ஒப்பமிட்டிருந்தான். பேனை கொஞ்சம் அழுத்தியிருந்தது.

மாஸ்டர் தன் ஆட்களிடம் போனார். நாங்கள் இருவரும் மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்தோம். அது பொய் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். அந்தத் தாளை மறுக்க என் யாப்பில் ஒரு பிரிவும் இல்லை. தேடினேன் என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, அந்த நிமிடத்தில் ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரைக்கும் மனத்துக்குள் ஓடவிட்டுப் பார்த்தேன்.

“ஏன் தம்பி?” என்று கேட்டேன்.

“வியாழக்கிழமை மத்தியானத்தில சும்மா அறைக்குள்ள இருக்க ஏலாதண்ணை. சுவர் தெரியுது.”

பிறகு, “எல்லாம் சரியோ?” என்றான்.

“ஓம். சரி.”

அவனுடைய பழைய கடிதம் என் கோவையில் இருந்தது. திருப்பிக் கேட்பான் என்று நினைத்தேன், கேட்கவில்லை. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும், உன் அதிபர் மாதம் ஒரு கடிதம் எழுதுவார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்று கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பான். நான் அவனுடைய புதுத் தாளில் துளையிட்டுக் கோவையில் செருகினேன்.

அன்று அவன் ஒரு கோலும் விடவில்லை. ஒரு பந்தைக் கம்பத்தின் மூலையிலிருந்து விரல் நுனியால் தட்டினான். அவனைத் திட்டிப் பழகிய எதிரணிக்காரரும் கை தட்டினார்கள். யாரும் மாப்பைப் பற்றி ஒன்றும் கத்தவில்லை. முடிவு விசில் ஊதியதும் எல்லாரும் ரயிலுக்கு ஓட, அவனும் ஓடினான். மாஸ்டர் என் மேசையில் சாய்ந்துகொண்டு அவன் போவதைப் பார்த்தார்.

“எங்கட கல்லூரியில இருந்து எப்பவும் நல்ல கீப்பர்மார் வந்திருக்கினம்” என்றார்.

நான் ஆட்டக் குறிப்பில் அவனுடைய பெயரை எழுதி, கல்லூரி என்ற கட்டத்துக்குள் மாஸ்டரின் கல்லூரியின் பெயரை எழுதினேன்.