கழற்றிய கமராவும் நாற்பத்தோராவது சாட்சியும்

யோகராணி தம்முடைய ஊழியர் பாலேந்திரனுக்கு எச்சரிக்கைக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். இருவருடைய கதிரைகளுக்கும் இடையே இருந்த தூரம் நான்கடி. பாரிசின் ரூ காய் என்னும் தெருவில் இருந்த அந்தக் கடையே அவ்வளவுதான்: முன்னால் பயணச்சீட்டும் தொலைபேசி அட்டையும் விற்கும் மேசை, பின்னால் வெள்ளைத் துணி தொங்கும் புகைப்பட மூலை. கடிதம் அந்த நான்கடியைக் கடக்காமல் புறநகர் ஸ்தேனில் உள்ள பாலேந்திரனின் வீடுவரை போய், ஆளில்லாததால் தபால் நிலையத்தில் தங்கிற்று. அதை எடுப்பதற்கு அவர் அரைநாள் விடுப்புக் கேட்டார்.

"என்ன அலுவல்?" என்றார் யோகராணி.

"ஒரு ரெக்கமாந்தே கடிதம் வந்திருக்காம் அக்கா. நானே போய்க் கையெழுத்து வைச்சு எடுக்கவேணும்."

"ஆர் அனுப்பினதாம்?"

"தெரியேல்லை."

"சரி, போட்டு வாரும்," என்றார் அவர், கூரையைப் பார்த்தபடி.

கடிதத்தில் இரண்டே பந்திகள். பாலேந்திரன் கமராவை முரட்டுத்தனமாகப் பிடுங்குவதால் கணினித் திரையில் பிழைச் செய்திகள் தோன்றுகின்றன, வாடிக்கையாளர் அஞ்சுகின்றனர் என்பது முதலாவது. ஒரு மாதம் கழிந்தும் அவை தோன்றினால் அவர் ஒபர்வில்லியேயில் உள்ள கடையின் களஞ்சியத்துக்கு மூட்டை இறக்க அனுப்பப்படுவார் என்பது இரண்டாவது.

பாலேந்திரன் அதைப் பதினொரு தடவை வாசித்தார். வயது ஐம்பத்து நான்கு. பிரான்சுக்கு வந்து இருபத்து மூன்று ஆண்டுகள். முதலாவது அகதி மனு ஒரேயொரு தாள் குறைந்ததற்காகத் தள்ளுபடியான நாளிலிருந்து அவர் எந்தத் தாளையும் எறிந்ததில்லை. உணவகத்தில் கோப்பை கழுவிய காலத்துச் சம்பளச் சீட்டுகள், எப்போதோ செத்துப்போன கேத்தலின் உத்தரவாதப் பத்திரம், உணவகம் குப்பையில் போட இருந்த மடிக்கணினியை எடுத்துச்செல்ல முதலாளி எழுதித் தந்த அனுமதி எல்லாம் நாற்பத்து மூன்று கோப்புகளில் ஆண்டு வாரியாக இருந்தன. அந்த மடிக்கணினியில்தான் யாரிடமும் போகாமல் கணினி கற்றார். நாற்பத்து மூன்று கோப்புகளிலும் அவரைக் குற்றஞ்சாட்டும் தாள் ஒன்றுகூட இல்லை. இது முதலாவது. இதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையிலேயே மடித்து வைத்துக்கொண்டு திரிந்தார்.

நடந்தது இதுதான். கடைக் கணினியில் ஒரேயொரு யூஎஸ்பி வாய்தான் வேலை செய்தது. படம் எடுத்ததும் கமராவைக் கழற்றி, அச்சுப்பொறியைச் செருக வேண்டும். கழற்றிய கணமே திரையின் ஓரத்தில் இருபது வரி ஆங்கிலம் கொட்டும். அந்த ஓரத்துச் சாளரத்தைத் திறந்து வைத்தவரும் பாலேந்திரன்தான். இயங்குதளம் தனக்குள்ளே எழுதிக்கொள்ளும் நாட்குறிப்பு அதில் ஓடும். எழுதப்படும் ஒன்றை வாசிக்காமல் விடுவது அவரால் இயலாத காரியம்.

முரட்டுத்தனம் என்று தீர்ப்புச் சொன்னவர் யோகராணியின் தம்பி துஷ்யந்தன். ஓர் அலுவலகத்தில் கணினி வேலை பார்ப்பவர். கடிதம் அனுப்பப்பட்டதை அறிந்து அவருக்கே மனம் ஒருமாதிரியாகிவிட்டது. மறுநாள் மதியம் கடைக்கு வந்தார்.

"அண்ணை, அந்தச் சாளரத்தை மூடிவிடுங்கோவன். அலுவல் முடிஞ்சுது. அக்காவும் பாக்கமாட்டா."

"மூடினால் அது எழுதாமல் விடுமோ?"

"எழுதும். ஆனால் தெரியாது."

"அப்ப நான் இழுத்துப் பிடுங்கினதெண்டு நீர் சொன்னதும் அப்பிடியே நிக்கும்," என்றார் பாலேந்திரன். "வேண்டாம் தம்பி. திறந்தே கிடக்கட்டும்."

அவர் சோதனைகளைத் தொடங்கினார். மெதுவாகக் கழற்றினார், வேகமாகக் கழற்றினார், இரண்டு விரலால், கைக்குட்டையால், கணினியை வலப்பக்கம் சரித்துவைத்து, ஒருமுறை மூச்சை அடக்கிக்கொண்டும் கழற்றினார். எப்படிக் கழற்றினாலும் அதே இருபது வரி. ஒவ்வொன்றுக்கும் இலக்கம், நேரம், சாட்சியின் கையொப்பம். சாட்சிகள் புகைப்படம் எடுக்க வந்தவர்கள். வதிவிட அட்டைக்குப் படமெடுக்க வந்த ரதிதேவி என்னும் அறுபத்திரண்டு வயது அம்மையார் பதினேழாவது சாட்சியாக மாட்டிக்கொண்டார்.

"கீழே கையொப்பமிடும் நான், கமரா மென்மையாகக் கழற்றப்பட்டதைக் கண்ணால் கண்டேன் எண்டு எழுதியிருக்கிறன் அம்மா. இஞ்சை ஒரு கையெழுத்து. கார்ட்டின்ரை கொப்பியும் வேணும்."

"தம்பி, இதாலை என்ரை கார்ட்டுக் கோப்புக்கு, அந்தத் தொசியேக்கு, ஒண்டும் வராதே?"

"இது கமராவின்ரை தொசியே அம்மா."

"கமராவுக்கும் கேக்கிறாங்களே!" என்று பெருமூச்சு விட்டு அவர் கையொப்பமிட்டார்.

சாட்சி நாற்பதானது. ஆனால் காரணம் அகப்படவில்லை. ரயிலில் போகும்போதும் வரும்போதும் அந்த இருபது வரிகளை அகராதியோடு வாசித்தார். அவற்றின் சாரம் ஒன்றுதான்: அழிக்கப் போன கோப்புறையைக் காணவில்லை. கமராவைக் கவனிக்கும் டிரைவர் என்ற நிரலின் மூலப்பிரதி எவரும் வாசிக்கும்படி இணையத்தில் கிடந்தது. அதை அச்சிட்டு, வரிகளுக்கு இலக்கமிட்டு, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனார். கமராவைக் கழற்றியதும் டிரைவர் முதலில் கமராவின் கோப்புறையை முழுமையாக அழிக்கிறது. பிறகு, அதற்குள்ளே இருந்த படம்பிடி பொத்தானின் சிறு கோப்புறையை அழிப்பதற்காகத் தேடிப் போகிறது. போன இடத்தில் ஒன்றும் இல்லை. உடனே கூச்சலிடுகிறது.

ரயில் ஓடிக்கொண்டிருக்கப் பாலேந்திரன் எழுந்து நின்றுவிட்டார். இது அவருக்கு நடந்தது! ஸ்தேனுக்கு வீடு மாறிய ஆண்டில், பழைய வீட்டை ஒப்படைத்து மின்சாரத்தையும் நிறுத்திய பிறகு, ஓர் அலுவலகத்தில் அதே பழைய வீட்டின் அந்த மாத மின்கட்டணச் சீட்டைக் கேட்டு மூன்று முறை அலைக்கழித்தார்கள். வீட்டை மூடுமுன் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். பிழை கழற்றிய கையில் இல்லை. வரிசையில் இருக்கிறது. முதலில் பொத்தான், பிறகு கமரா என்றிருக்க வேண்டும்.

மூலப்பிரதியின் தலைப்பில் பராமரிப்பாளரின் மின்னஞ்சல் முகவரி இருந்தது. செசில் என்னும் பெண்மணி. பாலேந்திரன் எண்பத்தேழு பக்க மனுவை அனுப்பினார். பாரம் தாங்காமல் திரும்பி வந்தது. ஒன்பது பகுதிகளாகப் பிரித்து மறுபடி அனுப்பினார். நான்காம் நாள் பதில் வந்தது.

"ஐயா, இந்த டிரைவரை ஆறு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். இதற்காக எவரும் எனக்குச் சத்தியக் கடிதம் அனுப்பியதில்லை. பன்னிரண்டு வரி போதுமாக இருந்திருக்கும். சாட்சிகளின் அடையாள அட்டைகளைத் தயவுசெய்து இனி எவருக்கும் அனுப்பாதீர்கள். என்னிடம் வந்தவற்றை அழித்துவிட்டேன். எழுபத்தோராம் பக்கத்தில் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. திருத்தத்தை இணைத்துள்ளேன், சோதித்துச் சொல்லுங்கள்."

முற்றிலும் சரி என்ற சொற்களை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அழித்துவிட்டேன் என்ற சொல் மட்டும் இரண்டு நாள் உறுத்திற்று.

திருத்தம் இரண்டு வரிகளை இடம் மாற்றியது, அவ்வளவே. மாதம் முடிய நான்கு நாள் இருக்கையில், கடை திறக்குமுன் அதை நிறுவி நாற்பது முறை கழற்றினார். சாளரம் வாய் திறக்கவில்லை. திருத்தத்தின் பதிவில் "பிழையை அறிவித்தவர்: பாலேந்திரன்" என்று செசில் சேர்த்திருந்தார். அந்தப் பக்கத்தை அச்சிட்டு, எச்சரிக்கையை மீளப்பெறுமாறு கோரும் கடிதத்தோடு யோகராணிக்கு அனுப்பினார். பதிவுத் தபாலில்தான்.

தபாற்காரி லாரா கடைக்குள் வந்து உறையைத் திருப்பிப் பார்த்தாள். "அனுப்பியவர் இங்கேயேதானே உட்கார்ந்திருக்கிறார், மதாம்?"

"ஓம், நாங்கள் அப்பிடித்தான் கதைக்கிறனாங்கள்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு யோகராணி கையொப்பமிட்டார். வாசித்தார். உடனே தம்பியைத் தொலைபேசியில் பிடித்தார். "டேய், டிரைவரிலையாம் பிழை. உண்மையோ?" மறுமுனையில் துஷ்யந்தன் இரண்டு நிமிடம் சுற்றி வளைத்து ஓம் என்றார்.

"சரி பாலேந்திரன், அந்தக் கடிதத்தை நான் திருப்பி எடுக்கிறன்."

"எழுத்திலை தாங்கோ அக்கா."

"தபாலிலை அனுப்பட்டோ?"

"கையிலை தந்தாலும் காணும். கிடைச்சதெண்டு நான் எழுதித் தருவன்."

யோகராணி எழுதிக் கொடுத்தார். பிறகு நான்கடியையும் நடந்து புகைப்பட மூலைக்கு வந்தார். "எங்கை, கழட்டும் பாப்பம்."

பாலேந்திரன் கழற்றினார். திரை சும்மா இருந்தது. யோகராணி குனிந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மீண்டும் பார்த்தார். முகம் மெல்லச் சுருங்கிற்று.

"என்ன இது, ஒண்டும் சொல்லேல்லை? முந்தி ஏதோ சொல்லுமே. பழுதாப் போச்சோ?"

"இல்லை அக்கா. திருந்தீட்டுது."

"அதை நான் எப்பிடி நம்புறது?"

பாலேந்திரன் இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். நாற்பத்தொன்று என்று இலக்கமிட்டு, நேரத்தைக் குறித்து, பேனாவோடு அவர் முன் வைத்தார்.

யோகராணி மேலிருந்து கீழ்வரை வாசித்தார். கையொப்பமிட்டார். பிறகு கைப்பையைத் திறந்துகொண்டே கேட்டார்:

"கார்ட்டின்ரை கொப்பி, ரெண்டு பக்கமும் வேணுமோ?"