காருக்கு மூக்கு வைத்த இடம்

எங்கள் காருக்கு இரண்டே கதவு, இரண்டே இருக்கை. எங்கள் ஊர் வட்டக்கச்சி முழுக்க வயலும் ட்ரக்டருமாக இருக்க, கொழும்புக்குப் போய் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்தவன் நான் ஒருவன்தான். ஒரு மூட்டை நெல் ஏற்ற முடியாத காரும் ஒரு காரா என்று ஊரில் சிரித்தார்கள்.

அதோடு நின்றிருக்கலாம். எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக்கை மாற்றினால் சத்தமும் இழுவையும் கூடும் என்று வீடியோக்களில் பார்த்துத் தொலைத்தேன். ஒரு மாதமாக அதே நினைப்பு. பொனட்டுக்குள்ளேயே இருக்கும் கூம்பு ஃபில்டர் விலை குறைவு, ஆனால் எஞ்சின் சூட்டையே திரும்பக் குடிக்கும். நீளக் குழாய் முன் பம்பருக்குப் பின்னால் சக்கரத்தடி வரை இறங்கிக் குளிர்காற்று எடுக்கும். கம்பனி உயரத்தில் வைத்த கறுப்புப் பெட்டியை அப்படியே விட்டு, உள்ளே ஃபில்டரை மட்டும் மாற்றவும் செய்யலாம்.

குசினிக்குப் போய் மனைவிக்கு மூன்றின் சத்தத்தையும் போனில் போட்டுக் காட்டினேன். எல்லாம் ஒரே மாதிரித்தான் கேட்கிறது என்றாள். அவள் பூவரசங்குளத்துக் கமக்காரரின் மகள், கலியாணத்துக்கு முன்பே தகப்பனோடு ட்ரக்டர் ஓட்டியவள். நீளக் குழாயின் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

"ட்ரக்டருக்குக் காத்திழுக்கிற மூக்கு பொனட்டுக்கு மேல நிக்குது. இதுக்கு ஏன் காலடியில வைக்கிறியள்?"

இது வயல் உழுகிற வண்டியில்லை என்று சிரித்துவிட்டு நீளக் குழாயையே பூட்டினேன். பொய் சொல்லக்கூடாது, சத்தம் அருமையாகத்தான் இருந்தது.

மார்கழியில் ஒருநாள் காலை அவளுடைய தம்பி போன் எடுத்தான். படுக்கையில் கிடந்த மாமா கண்ணைத் திறந்து மகளைக் கேட்கிறார், கெதியாக வரட்டாம். குளம் நிரம்பி வான் பாய்ந்து, கண்டி வீதிக்குப் போகும் எங்கள் ரோட்டைத் தண்ணீர் குறுக்கறுத்து ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ட்ரக்டரில் தாண்டிப்போய் பஸ் பிடிப்போம் என்றாள். பஸ் வழியிலுள்ள புளியங்குளம் போக முதல் நாங்கள் பூவரசங்குளத்தில் நிற்போம் என்று சொல்லி அவளைக் காரில் ஏற்றினேன்.

வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். என் காருக்கு முழங்கால் அளவே போதுமாயிருந்தது. நடுத்தண்ணீரில் அந்தக் குழாய் தண்ணீரை உறிஞ்ச, எஞ்சின் ஒரு அடி அடித்து நின்றது. வேறு வாகனம் எதுவும் வரவில்லை. வயலுக்குப் போய்விட்ட அதே ட்ரக்டரைக் கூப்பிட்டு, அது வந்து சேர ஒன்றரை மணித்தியாலம் ஆனது. அவள் தண்ணீருக்குள் நின்று தம்பியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கதைக்கவில்லை, போனைக் காதில் வைத்தபடி நின்றாள்.

நாங்கள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மாமாவுக்கு வாய்க்கட்டுக் கட்டியிருந்தார்கள்.

அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் வாய்விட்டு அழுதிருப்பேன். ஒரு சத்தத்துக்கு ஆசைப்பட்டு ஒரு மகளைத் தகப்பனிடம் பிந்திக் கொண்டுபோனவன் நான். அந்த நினைப்போடுதான் இன்றைக்கும் எழும்புகிறேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, எஞ்சினைத் திருத்தி, பழைய கறுப்புப் பெட்டியைத் திரும்பப் பூட்டினேன். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"இனித் தண்ணிக்குள்ளால போகுமோ?"

"ஓம், அண்டைக்கு நிண்ட அளவு தண்ணியெண்டால் போகும்" என்றேன்.

கோப்பையை என் கையில் தந்தாள்.

"இனி நான் ஆரிட்ட அவசரமாப் போறது?"