குழலி வெயிலில் பிடித்த டியூப்

ஏலவார்குழலி என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் யாருக்கும் பொறுமை கிடையாது. குழலிதான். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்குச் சாயம் போடும் வீட்டுப் பெண். எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு, 2001-ல் வாலாஜாபாத் சாலையில் இருந்த எங்கள் நிலையத்தில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தாள். நான் அங்கே ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்த பிறகு என் ஸ்டோரில் அலுமினியத் தாள் தங்கவே இல்லை. எதைக் கையில் எடுத்தாலும் தாளைச் சுற்றிவிடுவாள். ஊருக்கே சோறு கட்டுகிறாயா என்று கேலி செய்வேன்.

விஷயம் இதுதான். நரம்பு செல்லைத் தூண்டிவிடும் பொருள் ஒன்று உண்டு, குளூட்டமேட் என்று பெயர். அதன் மேல் சின்னதாக ஒரு மூடியை ஒட்டவைத்தால் செல்லுக்கு அதை அடையாளம் தெரியாது. பக்கத்திலேயே கிடந்தாலும் கண்டுகொள்ளாது. புற ஊதா ஒளி பட்டால் மூடி உடைந்து குளூட்டமேட் வெளியே வரும், செல் விழித்துக்கொள்ளும். எந்த செல் எந்த நொடியில் விழிக்க வேண்டும் என்பதை விளக்கைப் போடுகிறவரே முடிவு செய்யலாம். இந்த மூடியைச் செய்தவர் டாக்டர் தேவசகாயம். இரண்டு வருஷ உழைப்பு. ஆனால் வெயில் பட்டாலும் அது உடையும். அதனால் குழலியின் அறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் தாள், கதவுக்குக் கறுப்புத் திரை, உள்ளே ஒரு சிவப்பு பல்பு.

முதல் இரண்டு சோதனைகளில் மூடி தானாகவே கழன்று, விளக்கைப் போடும் முன்பே செல்கள் விழித்துவிட்டன. தேவசகாயம் மூடியை மாற்றிச் செய்தார். மூன்றாம் முறையும் இப்படி ஆனால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அந்த மூன்றாம் சோதனை ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு.

கரைசல் இரண்டே டியூப்தான் இருந்தது. ஒன்றை தேவசகாயம் தன் ஃப்ரீசரில் வைத்துப் பூட்டிவிட்டு, மற்றதைக் குழலியிடம் கொடுத்திருந்தார். காலை பத்தரைக்கு அவள் அதை எடுத்து உருகவிட்டாள். மூடி கழன்றிருந்தால் கரைசல் லேசாக மஞ்சள் தட்டும். சரிபார்க்கும் கருவி ஒரு வாரமாகப் பழுது. சிவப்பு பல்பின் கீழே மஞ்சளாவது வெள்ளையாவது, ஒன்றும் தெரியவில்லை.

சாயக்காரர் வீட்டில் விளக்கு வெளிச்சத்தை யாரும் நம்ப மாட்டார்கள். நூலை அலசியதும் வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலில் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்த பிறகுதான் நிறம் சரியா தப்பா என்று வாயைத் திறப்பார்கள். குழலிக்கு அது நடக்கப் பழகிய வயதிலேயே வந்த பழக்கம். அன்றைக்கு அவள் மனசெல்லாம் மூன்று மணியில் இருந்தது. கால் தன்போக்கில் போய்விட்டது. திரையை விலக்கி வராந்தாவுக்கு வந்து, சுற்றியிருந்த அலுமினியத் தாளைப் பிரித்து, டியூபை வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். மஞ்சளே இல்லாமல் வெறும் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது.

பதினொரு மணிக்கு ஸ்டோருக்கு வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா, அரை நிமிஷம் வெயில் பட்டா என்னா ஆயிடும்?"

"கறுத்துப் போவே" என்றேன். இப்போது நினைத்தாலும் என்னையே அறையத் தோன்றுகிறது. அவள் சிரிக்காமல் போய்விட்டாள். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாமலே இருக்கலாம், அரை நிமிஷம்தானே. இதையே மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு, சாப்பிடாமல், மூன்று மணிவரை அந்தச் சிவப்பு அறையிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

மூன்று மணிக்கு மைக்ராஸ்கோப் அறையை இருட்டாக்கினார்கள். செல்களைக் கவனித்துக்கொண்டவர் டாக்டர் ஸுபத்ரா. விழித்த செல் கம்ப்யூட்டர் திரையில் பச்சையாக மின்னும். தேவசகாயம் நாற்காலி இருந்தும் நின்றுகொண்டிருந்தார். குழலி அவருக்குப் பின்னால் இருந்தாள். ஸுபத்ரா செல்களின் மேல் கரைசலை விட்டார். கொஞ்ச நேரம் திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு ஓரத்தில் ஒரு செல் மின்னியது. அடுத்து இன்னொன்று, அப்புறம் ஏழெட்டு.

"நான் இன்னும் லைட்டே போடலை சார்" என்றார் ஸுபத்ரா.

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "மூடி நிக்கல மா. என் யோசனையே தப்பு போல இருக்குது. முடிச்சிடலாம், நானே எழுதிக் குடுத்துடறேன்."

குழலி தப்பித்துவிட்டாள். இனி யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை. காலையிலிருந்து பட்ட பயமெல்லாம் அந்த நிமிஷத்துக்கு முன்னால் ஒன்றுமேயில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

"மூடி மேல தப்பு இல்ல சார். நான் டியூபை வெயில்ல புடிச்சிட்டேன்."

"எவ்ளோ நேரம்?"

"அரை நிமிஷம் இருக்கும் சார். கலர் பாக்கறதுக்கு. வீட்ல அப்டித்தான் பாப்போம்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தானே போய்த் தன் ஃப்ரீசரைத் திறந்து, இன்னொரு டியூபை எடுத்துவந்தார். புது செல்கள், அதே இருட்டு. பத்து நிமிஷம் திரை கறுப்பாகவே கிடந்தது. ஸுபத்ரா நடுவில் இருந்த ஒரே ஒரு செல்லின் மேல் ஒளியைப் பாய்ச்சினார். அது மட்டும் மின்னியது. தேவசகாயம் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

போகும்போது குழலியிடம் அறைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இந்த மாசத்தோடு போதும் என்றார். திட்டவில்லை.

அவள் நேராக ஸ்டோருக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். எனக்கு அந்த மனிதர் மேல் ஆத்திரமாக வந்தது. "வாய மூடிக்கினு இருந்திருந்தா வேலையாவது இருந்திருக்கும் இல்ல?" என்றேன்.

"இருந்திருக்கும்ணா" என்றாள். "ஆனா அவரு செஞ்சது தப்பு இல்லன்னு இந்த உலகத்துல எனக்கு மட்டும்தானே தெரியும். அதை வச்சிக்கினு நான் எப்டிணா வீட்டுக்குப் போறது?"